காதில் சீழ் வருவதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

என் அக்கா மகனுக்கு ஒன்பது வயது. அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு. சென்ற ஆண்டு சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகளுக்கான மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்கு அவனை அழைத்துவரச் சொன்னார்கள். நானும் போயிருந்தேன். மேசை மேசையாக நகர்ந்து கடைசியில் உளவியலாளர் முன்னால் உட்கார்ந்தான். கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் அவனிடம் பதில் இல்லை. "ரெண்டு காதுலயும் சீழ் வருது சார், சத்தமா கேட்டாத்தான் சொல்லுவான்" என்றாள் அக்கா. "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்றார்கள். இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

கைக்கு வந்த சான்றிதழில் இருந்தது: அறிவுசார் குறைபாடு, 50 விழுக்காடு. கூடவே ஆங்கிலத்தில் ஒரு அறிக்கை. குடும்பப் பின்னணி என்ற கட்டத்தில், பெற்றோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், வீட்டில் குழந்தையைக் கவனிக்க ஆளில்லை என்று எழுதியிருந்தார்கள். அக்கா பத்தாம் வகுப்பு வரை படித்தவள். நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளராக இருக்கிறாள். முகாமுக்கு வேலைச் சட்டையோடு வந்திருந்தாள். அவள் படிப்பைப் பற்றி யாரும் அவளிடம் கேட்கவில்லை. சட்டையே பதில் சொல்லிவிட்டது போலும். காதைப் பற்றி அறிக்கையில் ஒரு சொல்கூட இல்லை.

முனைவர் பட்ட ஆய்வுக்காகக் காலனிய அதிகாரிகள் நம் சாதிகளைப் பற்றி எழுதிய குறிப்புகளை நான்கு ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். பேசுகிறவரை வெளியே அனுப்பிவிட்டு அவரைப் பற்றி எழுதுகிற அந்த மொழி எனக்கு நன்றாகப் பழக்கம். என் வீட்டுப் பிள்ளையின் கோப்பில் அதைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

இதில் சட்டம் அவர்கள் பக்கம் இல்லை என்பதுதான் வேடிக்கை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், உடலிலோ அறிவிலோ உள்ள குறைபாட்டை மட்டும் வைத்து ஒருவரை மாற்றுத்திறனாளி என்று சொல்வதில்லை. அந்தக் குறைபாடு 'தடைகளோடு' சேரும்போது ஏற்படும் நிலை என்கிறது. தடை என்பதில் பண்பாடு, பொருளாதாரம், சமூகம், மனப்பான்மை, நிறுவனம் எல்லாவற்றையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. சான்றிதழிலோ குறைபாட்டின் பெயருக்கும் விழுக்காட்டுக்கும்தான் இடம். எங்கள் தெருப் பிள்ளைகளைக் கடைசி வரிசையில் உட்கார வைக்கும் வகுப்பறை எந்தக் கட்டத்தில் வரும்? காது சரியாகக் கேட்காத பிள்ளைக்குக் கடைசி வரிசை என்றால் பாடமே இல்லை என்று பொருள். பள்ளி செய்தது பிள்ளையின் மூளைக் கணக்கில் ஏறிவிடுகிறது.

இது நமக்கு மட்டும் நடப்பதல்ல. கிரெனடாவில் பிறந்து லண்டனில் ஆசிரியராக இருந்த பெர்னார்டு கோர்டு, கரீபியக் குடும்பங்களின் பிள்ளைகள் 'கல்வியில் இயல்புக்குக் குறைந்தவர்கள்' என்ற பெயரில் தனிப் பள்ளிகளுக்குத் தள்ளப்படுவதை 1971இல் ஒரு சிறு நூலாக எழுதினார். அதைக் கையில் எடுத்துக்கொண்டு கறுப்பினப் பெற்றோர் கேள்வி கேட்டார்கள். கலிபோர்னியாவில் கறுப்பினக் குழந்தைகளை நுண்ணறிவுச் சோதனை வைத்து இப்படிப்பட்ட வகுப்புகளில் சேர்க்கக் கூடாது என்று 1979இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களும் பெற்றோர்கள்தான்.

நாங்களும் கேட்கலாம் என்றேன். அக்கா யோசித்தாள். "மாசம் ரெண்டாயிரம் வரும்னாங்களே, அது போயிடுமே தம்பி." தூய்மைப் பணியில் பாதி மாதம் கூலியே தாமதமாக வரும் வீட்டில் பராமரிப்பு உதவித்தொகை சின்ன விஷயமில்லை. தவறான விவரிப்புக்குப் பணம், சரியான விவரிப்புக்கு அலைச்சல் என்று அரசு வைத்திருக்கும்போது ஏழைத் தாய் எதைத் தேர்ந்தெடுப்பாள்? அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு வாரம் கழித்து அவளே போன் செய்தாள்: "அவனுக்கு கேக்கணும் தம்பி, எழுது."

எழுத உட்கார்ந்தபோது நான் ஒரு தப்புச் செய்தேன். "எங்கள் பிள்ளை அறிவில் குறைந்தவன் அல்ல" என்றுதான் மனுவைத் தொடங்கினேன். அறிவுசார் குறைபாடு ஏதோ இழிவு என்பதுபோல. தகுதி, திறமை என்று நம்மைத் தரம் பிரித்தவர்களின் அளவுகோலை நானே கையில் எடுத்து, எங்களுக்குக் கீழே இன்னொரு பிள்ளையை நிறுத்தியிருந்தேன். பக்கத்து வீட்டில் அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். இருவரும் ஒன்றாகத்தான் விளையாடுவார்கள். அந்த வரியை அடித்துவிட்டு, செவித்திறன் சோதனை செய்யாமல் பேச்சுவழிக் கேள்விகள் கேட்கப்பட்டன, தாய் சொன்னது பதிவாகவில்லை, குடும்பம் பற்றிய குறிப்பு பொய் என்று மூன்றை மட்டும் எழுதினோம்.

சான்றளிக்கும் அதிகாரியின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம் என்கிறது அதே சட்டத்தின் 59ஆம் பிரிவு. முகாமில் யாரும் இதைச் சொல்லவில்லை. உங்கள் தெருவில் இப்படி ஒரு சான்றிதழ் வந்திருந்தால் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள், தோழர்களே. ஆங்கிலத்தில் இருந்தால் தாய்க்கு வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டுங்கள். எது பொய் என்று முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். அக்கா கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மேல்முறையீட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை. இதற்கிடையில் வேறொரு மருத்துவமனையில் செவித்திறன் சோதனை செய்தோம். இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது, மருந்து கொடுத்திருக்கிறார்கள், செவிப்பறை அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்கிறார்கள். அந்தத் தாளைக் காட்டிய பிறகு வகுப்பாசிரியர் அவனை முதல் வரிசைக்கு மாற்றியிருக்கிறார். பள்ளிப் பதிவேட்டில் மட்டும் இன்னமும் அதே 50 விழுக்காடு.