ஏரிக்கரையில் இரண்டு நாள்

பட்டணவாசிகளுக்கு விடுமுறை என்பது ஒரு கஷ்ட காலம். சனி, ஞாயிறு இரண்டு நாளில் உதகமண்டலம் போய்த் திரும்பியவர்களைத் திங்கட்கிழமை காலையில் நேயர்கள் பார்த்திருப்பார்கள். ஓய்வெடுத்துக்கொண்டு வந்த களைப்புத் தீர அவர்களுக்கு மேலும் இரண்டு நாள் ஓய்வு தேவைப்படும். ஆகவே, சென்ற தை மாதத்தில் நாம் ஒரு விரதம் எடுத்துக்கொண்டோம்: சென்னையிலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல் ஓர் அடியும் நகருவதில்லை. திருவள்ளூர் வழியாகப் பூண்டி ஏரிக்குப் போய் வர இந்த விரதம் தாராளமாக இடம் கொடுத்தது.

இரண்டு குடும்பம், ஒன்பது பேர், ஒரு வாடகை வண்டி, இரண்டு கூடாரம். குடிதண்ணீர் ஏரியின் கரையிலேயே கூடாரம் அடிப்பது முறையன்று, அருகில் மாந்தோப்பு வைத்திருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர், “இதற்கு என்னைக் கேட்கவேண்டுமா, சார்?” என்று தோப்பைத் திறந்துவிட்டார். பெண்மணிகள் மட்டும் புறப்படுமுன் ஒரு நிபந்தனை விதித்தார்கள். “கூடாரத்துக்கு வருகிறோம்; அடுப்பங்கரைக்கு வரமாட்டோம்” என்றார்கள். வனபோஜனம் என்று சொல்லிக்கொண்டு வீட்டு அடுப்பை மரத்தடியில் கொண்டுபோய் வைத்து, அதன் முன்னே அதே பெண்களை உட்காரவைக்கும் நம் சம்பிரதாயத்தை நினைத்தால், இந்த நிபந்தனை நியாயமற்றது என்று எந்த வக்கீலும் வாதாட முடியாது. முதல் நாள் பகலுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டி வந்திருந்தோம். இரவு உப்புமாவுக்கு அடுத்த வீட்டு நண்பர் பொறுப்பேற்றார். அது உப்புமாதானா என்ற விசாரணையில் யாரும் இறங்கவில்லை. பாத்திரம் மட்டும் காலியாகிவிட்டது.

மழைக்காலம் முடிந்த சமயமாதலால் ஏரி நிரம்பியிருந்தது. அந்திவேளையில் மதகின் பக்கம் நின்று பார்த்தால், எதிர்க்கரை மெல்லிய கோடாகத் தெரிகிறது. நீர்க்காகங்கள் வரிசையாகச் சிறகை விரித்து உலர்த்துகின்றன. இந்த ஏரிக்குச் ‘சத்தியமூர்த்தி சாகரம்’ என்று பெயர். குழந்தைகள் அதைப் பலகையில் படித்துவிட்டு, “யார் மாமா இவர்?” என்றார்கள். நம் தொழில் உபாத்தியாயத் தொழில் அல்லவா? விடுமுறையிலும் விடாமல் சொன்னோம். 1939-ல் சத்தியமூர்த்தி சென்னையின் மேயரானார். பட்டணத்தில் ஜலக் கஷ்டம் தலைவிரித்தாடிய காலம். கொசஸ்தலை ஆற்றை இங்கே மறித்துத் தேக்கினாலொழிய வழியில்லை என்று கண்டு, யுத்தம் மூண்டுவிட்ட நிலையிலும் சர்க்காரோடு மன்றாடி 1940-ல் வேலையைத் தொடங்கச் செய்தார். 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் கைதானார். சிறையில் உடல் நலிந்தது. 1943 மார்ச்சில் காலமானார். 1944-ல்தான் அணை கட்டி முடிந்தது. 323 கோடி கன அடி கொள்ளும் இந்தத் தண்ணீரை அவர் கண்ணால் பார்க்கவில்லை. 1983-ஆம் வருஷத்து உடன்பாட்டின் பயனாக, 1996 முதல் கிருஷ்ணா நதி ஜலமும் ஆந்திரத்துக் கண்டலேற்றிலிருந்து கால்வாய் வழியே இங்கே வந்து சேருகிறது. இங்கிருந்து புழல் ஏரிக்குப் போய்ச் சுத்திகரிக்கப்பட்டு நம் வீட்டுக் குழாய்க்கு வருகிறது.

இந்தப் பிரசங்கத்துக்கு உடனே ஒரு பலன் கிடைத்தது. மறுநாள் காலை நண்பர் உப்புமாப் பாத்திரத்தையும் சோப்புத் தூளையும் எடுத்துக்கொண்டு ஏரியை நோக்கி நடந்தார். அவருடைய பன்னிரண்டு வயதுப் பெண் ஓடிப்போய்ப் பாத்திரத்தின் மறு காதைப் பிடித்துக்கொண்டாள். “அப்பா, இது நம் வீட்டுக்குத்தான் வரும்!” என்றாள். “இத்தனை பெரிய ஏரியில் இந்த ஒரு பாத்திரமா?” என்றார் அவர். “பட்டணத்தில் எத்தனை பாத்திரம் இருக்கிறது, அப்பா?” என்றாள் அவள். கணக்கு வாத்தியாரான நமக்குக்கூட இவ்வளவு சுருக்கமாகப் பெருக்கல் சொல்லிக்கொடுக்கத் தெரியாது. பாத்திரம் தோப்புக்குத் திரும்பி, சாம்பலால் தேய்க்கப்பட்டு, கிணற்று நீரில் கழுவப்பட்டு, மாமரத்தடியில் சுத்தமாயிற்று. கரையில் முன்னே வந்து போனவர்கள் எறிந்திருந்த பிளாஸ்டிக் குப்பிகளைக் குழந்தைகள் ஒரு கோணியில் சேர்த்தார்கள். கோணி போதவில்லை.

இரவைப்பற்றிச் சொல்லாமல் விட்டோம். கொசு உண்டு, அதை மறைப்பதற்கில்லை. பனியும் உண்டு, கூடாரத் துணி விடியுமுன் சொட்டச் சொட்ட நனைந்துவிடுகிறது. ஆனால் நடுநிசியில் ஆள்காட்டிக் குருவி ஒன்று திடீரென்று கத்தி அடங்கியபின் வந்த நிசப்தம் இருக்கிறதே, அதைப் பட்டணத்தில் எந்த விலைக்கும் வாங்க முடியாது. மேலே கார்த்திகைக் கூட்டமும் திருவாதிரையும் பளிச்சென்று இருந்தன. ஒரு பையன், “இவ்வளவு நட்சத்திரமும் நம் ஊரில் எங்கே போயிற்று?” என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போனான்.

பூண்டிக்கு வருகிறவர்கள் பலர் ஏரியைப் பார்த்துவிட்டு, அங்குள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்தைப் பாராமல் திரும்பிவிடுகிறார்கள். இது பெரிய நஷ்டம். இப்பிரதேசத்தில்தான் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-ல் பல்லாவரத்தில் ஆதி மனிதனின் கல் ஆயுதத்தைக் கண்டெடுத்த புவியியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் பூட், அதே வருஷம் வில்லியம் கிங் என்பவருடன் அத்திரம்பாக்கத்திலும் கைக்கோடரிகளைக் கண்டார். அங்கே நடந்த அகழாய்வின்படி, அவற்றில் மிகப் பழையவற்றின் வயது சுமார் 15 லட்சம் வருஷம் என்று 2011-ல் வெளியிட்டார்கள். இன்னும் நுட்பமான சிறு கருவிகள் அங்கே 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டன என்று 2018-ல் வந்த ஆராய்ச்சி சொல்லிற்று; அந்த நுட்பம் இந்தியாவுக்கு மிகவும் பிந்தியே வந்தது என்றிருந்த எண்ணம் ஆட்டங்கண்டது.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரு கைக்கோடரியின் முன்னே நாம் நெடுநேரம் நின்றோம். உள்ளங்கைக்கு அடங்கும் கல். இருபுறமும் செதுக்கி, நுனியைக் கூராக்கியிருக்கிறார்கள். செய்தவர்கள் நம் இனத்து மனிதர்கள்கூட அல்லர், நமக்கு முந்தியவர்கள். நீரும் நல்ல கல்லும் கிடைக்கும் இடமாகப் பார்த்து இங்கே தங்கியிருக்கிறார்கள். “அவர்களும் முகாம் போட்டவர்கள்தானா?” என்றாள் அந்தப் பெண். ஆம் என்றோம். “அப்போது உப்புமா யார் செய்தது?” என்று தன் தகப்பனாரைப் பார்த்தாள்.

ஞாயிறு அந்திக்குள் வீடு திரும்பிவிட்டோம். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் நம் முகத்தில் களைப்பு இல்லையென்று சக ஆசிரியர்கள் சந்தேகப்பட்டார்கள். அடுத்த விடுமுறைக்குப் பழவேற்காடு என்று இரு வீட்டிலும் பேச்சு நடக்கிறது. நிபந்தனையில் மாற்றமில்லையாம். ஆகவே நண்பரும் நாமும் மாலை வேளைகளில் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டு வருகிறோம்.