அஞ்சடி ரெண்டங்குலமும் ஒரு மோட்டார் சைக்கிளும்

வண்டி வாங்கப் போற எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "எவ்வளவு மைலேஜ் குடுக்கும்?". ரெண்டாவது "ஆன் ரோடு என்ன விலை வரும்?". மூணாவதா ஒரு கேள்வி இருக்கு. அதை நம்மள மாதிரி ஆளுங்க வாய்விட்டுக் கேக்க மாட்டோம், மனசுக்குள்ளயே கேட்டுக்குவோம். "கால் எட்டுமா?" இந்தப் பதிவு அந்த மூணாவது கேள்வியைப் பத்தி.

முதல்ல என் ஜாதகம். உயரம் 158 செ.மீ., அதாவது அஞ்சடி ரெண்டங்குலம். உள்ளங்காலில் இருந்து தொடை முடியுற இடம் வரைக்கும் 72 செ.மீ. படிச்சது இன்ஜினியரிங், பொழப்பு பொட்டி தட்டுறது. ஊரு சேலத்தை ஒட்டின கொண்டப்பநாயக்கன்பட்டி, ஏற்காடு மலையடிவாரம். டவுன் பக்கம் வண்டியைத் திருப்பினா கோரிமேடு, அஸ்தம்பட்டின்னு நின்னு நின்னு போற ட்ராஃபிக். மலைப் பக்கம் திருப்பினா 20 கொண்டை ஊசி வளைவு. ரெண்டு பக்கமும் காலுக்குத்தான் பரீட்சை.

"நீ குள்ளமா இருக்க, ஒரு ஸ்கூட்டர் வாங்கிட்டுப் போயேன்"னு சொல்றவங்க ஊருக்கு நூறு பேர். ஸ்கூட்டர் மேல எனக்குக் கோவம் எதுவும் இல்லீங்க. நல்ல வண்டிதான். ஆனா ஒருத்தருக்கு எது புடிக்குதுன்னு அவரோட கால் நீளம் முடிவு பண்ணணுமா? அதுவும் நாங்க நெசமாவே அவ்வளவு குள்ளமா?

கணக்கைப் பாருங்க. 2016ல வெளியான ஒரு உலக அளவிலான ஆய்வு, 1996ல பொறந்தவங்களோட சராசரி உயரத்தை நாடுவாரியா சொல்லுச்சு. இந்திய ஆண் ஏறக்குறைய 165 செ.மீ., இந்தியப் பெண் ஏறக்குறைய 153 செ.மீ. நெதர்லாந்து ஆணுக்கு 182 செ.மீ.க்கும் மேல. ஆக நான் சராசரி இந்திய ஆம்பளையை விட ஏழு செ.மீ. கம்மி, சராசரி இந்தியப் பொண்ணை விட அஞ்சு செ.மீ. ஜாஸ்தி. ஆம்பளை பொம்பளை எல்லாரையும் ஒண்ணா வரிசைல நிக்க வெச்சா நான் கிட்டத்தட்ட நடுவுலதான் நிப்பேன். அப்போ மோட்டார் சைக்கிள் எனக்கு உயரமா இருக்குன்னா, அது இந்த நாட்டுல பாதிப் பேருக்கு உயரமா இருக்குன்னு அர்த்தம். இதை ஒரு சின்னக் கூட்டத்தோட தனிக் கஷ்டம் மாதிரி பேசுறதுதான் எனக்குப் புரியல.

இப்ப கம்பெனிக்காரங்க போடுற சீட் உயரங்களைப் பாருங்க. கிளாசிக் 350க்கு 805 மி.மீ. ஹிமாலயன் 450க்கு 825ல ஆரம்பிக்குது. எக்ஸ்பல்ஸ் 200 4வி 825. ட்ரையம்ஃப் ஸ்க்ராம்ப்ளர் 400 எக்ஸ் 835. சரி, இதெல்லாம் ஆசைக்கு வாங்குற வண்டி, விட்டுடலாம். 2024 ஜூலைல பஜாஜ் ஃப்ரீடம் 125னு சிஎன்ஜில ஓடுற வண்டி வந்துச்சு. பெட்ரோல் செலவை மிச்சம் பண்ண நெனைக்கிற சாமானியனுக்கான வண்டி. சீட்டுக்கு அடியில கேஸ் சிலிண்டர் இருக்கு, அதனால சீட் உயரம் 825 மி.மீ. காரணம் நியாயமானதுதான். ஆனா தினம் நூறு ரூபாய்க்குக் கணக்குப் பாக்குற சாமானியனோட சராசரி உயரம் 165 செ.மீ.ங்கறதும் அதே அளவுக்கு நியாயம்தானே?

சரி, அப்ப கம்மியான சீட் உயரம் இருக்குற வண்டியா பாத்து வாங்கிட்டா வேலை முடிஞ்சுதான்னு கேட்டா, அங்கதான் சூட்சுமமே இருக்கு. அந்த நம்பர் பாதி உண்மையைத்தான் சொல்லும்.

நம்ம ஊர்ல பால் கேன் கட்டிட்டுப் போற டிவிஎஸ் எக்ஸ்எல் 100 இருக்கே, அதோட சீட் உயரம் 787 மி.மீ. ஸ்ப்ளெண்டர் பிளஸ் 785. ராயல் என்ஃபீல்ட் ஹண்டர் 350க்கு 790. மூணும் ஒரே உயரம்னே வெச்சுக்கலாம். ஆனா எக்ஸ்எல்லை எங்க பக்கம் அறுபது வயசு ஆத்தாகூட அசால்ட்டா ஓட்டுது. அதே 790ல ஹண்டர்ல உக்காந்தா எனக்குக் கால் விரல்தான் தரையைத் தொடுது. ஏன்?

காரணம் மூணு. முதல்ல சீட்டோட அகலம். சீட்டு முன்பக்கம் அகலமா இருந்தா தொடை விரியும், தொடை விரிஞ்சா கால் நீளம் பக்கவாட்டுல செலவாயிடும், தரைக்கு மிச்சம் கம்மி. ரெண்டாவது, ஷாக் அப்சார்பர் அமுங்குறது. சீட் உயரத்தை அளக்கும்போது மேல ஆள் இருக்க மாட்டாரு. ஆள் ஏறி உக்காந்தா வண்டி கொஞ்சம் இறங்கும். இதுலயும் விதி நம்மள சும்மா விடல பாருங்க: குள்ளமானவங்க பெரும்பாலும் எடையும் கம்மி, அதனால நமக்கு அது அமுங்குறதும் கம்மி :-)

மூணாவதுதான் முக்கியம், எடை. எக்ஸ்எல் 90 கிலோவுக்கும் கீழ. ஸ்ப்ளெண்டர் 112 கிலோ. ஹண்டர் 181 கிலோ. கால் ஒரு அஞ்சு செ.மீ. எட்டலைன்னா என்ன பண்ணுவோம்? வண்டியை அந்தப் பக்கம் சாய்ச்சு எட்ட வெப்போம். அஞ்சு டிகிரி சாயுறதுக்கும் பத்து டிகிரி சாயுறதுக்கும் காலுக்கு வர்ற பாரம் ஏறக்குறைய ரெட்டிப்பு. காலேஜ்ல மெக்கானிக்ஸ் பேப்பர்ல அரியர் வெச்சவனுக்கும் இது தெரியும். 112 கிலோவுல அந்த ரெட்டிப்பைத் தாங்கிடலாம். 181 கிலோவுல ஒரு சின்ன ஜல்லிக்கல் வழுக்கினாலும் வண்டியோட சேந்து நாமளும் கீழ.

கீழ விழுறது அவமானம் மட்டும்னா நான் இவ்வளவு நீளமா எழுத மாட்டேன். பின்னாடி யாரு உக்காந்திருக்காங்கன்னு யோசிங்க. எங்கம்மா சேலை கட்டிட்டு, ஒரு பக்கமாத்தான் உக்காருவாங்க. அவங்க ஏறுற அந்த ரெண்டு நொடி, மொத்த பாரமும் இடது பக்கம். அந்த நேரத்துல என் இடது கால் பாதம் முழுசா தரைல இருக்கணும். நுனிக்கால்ல நின்னுட்டு "ஏறும்மா"ன்னு சொல்ல எனக்கு தைரியம் வராது. ஆஸ்பத்திரிக்கோ கோயிலுக்கோ வண்டியில அம்மாவைக் கூட்டிட்டுப் போற வீட்டுல, சீட் உயரம்ங்கறது அழகு சமாச்சாரம் இல்ல, இடுப்பெலும்பு சமாச்சாரம்.

அடுத்தது மலை ரோடு. ஏற்காடு ஏறும்போது வளைவுல முன்னாடி பஸ் திணறி நின்னா நாமளும் நிக்கணும். வளைவுல ரோடு உள்பக்கமா சரிஞ்சிருக்கும். சரிவு இருக்குற பக்கம் காலை ஊணப் போனா அங்க தரையே இருக்காது, கால் காத்துல தொங்கும். அதனால மேடான பக்கத்துல கால் வைக்கணும். வலது வளைவுன்னா இடது கால், இடது வளைவுன்னா வலது கால். உயரமானவங்களுக்கு இது எதுவுமே தெரிய வேண்டியதில்ல. நமக்கு இது உயிர் காக்குற பாடம்.

சரி, இருக்குற வண்டியைக் குறைக்க முடியாதா? முடியும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு விலை இருக்கு. சுலபமானது, சீட் தைக்கிற கடையில குடுத்து ஃபோமை வெட்டுறது. மேல வெட்டுறதை விட, முன்பக்க ஓரங்களைச் செதுக்கி ஒடுக்கச் சொல்லுங்க. உயரம் குறையாமலே கால் எட்டும், உக்காருற இடத்துல மெத்தையும் மிஞ்சும். மேல ரொம்ப வெட்டிட்டா தொப்பூர் தாண்டுறதுக்குள்ள உக்காந்த இடம் மரத்துப் போயிடும். அடுத்தது பின் ஷாக்கோட ப்ரீலோடைக் குறைக்கிறது. காசு செலவில்லை, ஆனா பின்னாடி ஆள் ஏறினா ஸ்பீட் பிரேக்கர்ல அடி வாங்கும். செருப்பை விட்டுட்டு கொஞ்சம் தடிச்ச அடி வெச்ச ஷூ போட்டா அதுலயே ரெண்டு செ.மீ. வரும்.

முன் ஃபோர்க்கை ஏத்திக் கட்டுறது, பின்னாடி லிங்க் மாத்துறது இதுக்கெல்லாம் நான் வர மாட்டேன். ஒரு பக்கம் மட்டும் இறக்கினா ஹேண்டில் திரும்புற விதமே மாறிடும். ரெண்டு பக்கமும் இறக்கினா வண்டியோட வயிறு தரையில தட்டும், சைடு ஸ்டாண்டுல வண்டி நேரா நிமிந்து நின்னு அந்தப் பக்கம் சாயப் பாக்கும். போதாக்குறைக்கு, கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு சொல்லுது.

இன்னொரு உண்மையையும் சொல்லணும். ரெண்டு பாதமும் முழுசா தரைல பதியணும்னு எந்த அவசியமும் இல்ல. டேனி பெட்ரோசான்னு ஒரு ஸ்பெயின்காரர், 2018 வரைக்கும் மோட்டோஜிபி ஓட்டினவர். உயரம் ஏறக்குறைய 160 செ.மீ.தான். அந்த ராட்சச வண்டிகள்ல 31 ரேஸ் ஜெயிச்சிருக்காரு. ஓடுற வண்டிக்கு நம்ம உயரம் தெரியாதுங்க, நிக்கிற வண்டிக்குத்தான் தெரியும். நிக்கும்போது இடுப்பை லேசா இடது பக்கம் நகர்த்தி, இடது பாதத்தை முழுசா ஊணி, வலது காலை பின் பிரேக்கிலயே வெச்சுக்கப் பழகிட்டா, ஆளுக்கு அஞ்சு செ.மீ. கூடின மாதிரி. ஆனா இது பழக்கத்துல வர்றது. புதுசா கத்துக்குறவங்களுக்கு, எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கப் போறவங்களுக்கு, கால் எட்டுற வண்டிதான் முதல் வாத்தியார்.

அதனால என் கட்சி இதுதான். தப்பு எங்க காலுல இல்ல. விக்கிறவங்க விதத்துல இருக்கு. நான் ஒரு ஷோரூம்ல "கொஞ்சம் சென்டர் ஸ்டாண்டு எடுத்துவிடுங்க, உக்காந்து பாக்குறேன்"னு கேட்டதுக்கு, "சார், இது உங்களுக்குச் செட்டாகாது, இந்தப் பக்கம் ஸ்கூட்டர் இருக்கு, வாங்க"ன்னாரு அந்தத் தம்பி. சென்டர் ஸ்டாண்டுல நிக்கிற வண்டியில உக்காந்து பாத்தா ஒரு மண்ணும் தெரியாது, பின் சக்கரம் அந்தரத்துல இருக்கும். கீழ எறக்கி, நாம தினம் போடுற ஷூவோட, வீட்டு ஆளைப் பின்னாடி ஏத்திப் பாக்கணும். அதுக்கு விடலைன்னா அந்தக் கடை வேணாம்.

முடியாத விஷயத்தை ஒண்ணும் கேக்கல. ஹிமாலயன் 450க்கு சீட்டை ரெண்டு உயரத்துல மாட்டிக்கலாம், 825 அல்லது 845. அது போக 805ல ஆரம்பிக்குற தாழ்வான சீட்டும் தனியா குடுக்குறாங்க. மீட்டியார் 350 765ல வருது, சூப்பர் மீட்டியார் 650 740. அவெஞ்சர் 220 குரூஸ் 737. ஆக மனசு வெச்சா மார்க்கம் இருக்கு. மலை ஏறுற வண்டிக்கே குடுக்க முடிஞ்ச ரெண்டு சீட்டை, வேலைக்குப் போயிட்டு வர்ற 125 சிசி வண்டிக்கு ஏன் குடுக்கக்கூடாது?

ஜப்பான்ல இதுக்குன்னே "அஷிட்சுகி"ன்னு ஒரு வார்த்தை வெச்சிருக்காங்க, கால் தரையில எப்படிப் பதியுதுங்கறதுக்கு. அங்க பத்திரிகைகள்ல புது வண்டி விமர்சனம் வந்தா, ஒருத்தர் வண்டியில உக்காந்து கால் ஊணியிருக்குற படத்தைப் போட்டு, அவர் உயரம், எடையைப் பக்கத்துலயே எழுதிடுறாங்க. படிக்கிறவன் தன் உயரத்தோட ஒப்பிட்டுக்குவான். யாரும் கூச்சப்படுறதில்ல.

அந்த வேலையை நாம செய்யலாமே மக்கா? வண்டியைப் பத்தி எழுதுற நண்பர்கள் மைலேஜ், பிக்கப், விலை எல்லாம் எழுதுறீங்க. கூடவே ஒரே ஒரு வரி சேருங்க: உங்க உயரம் எவ்வளவு, கால் அளவு எவ்வளவு, நின்னா பாதம் முழுசா பதியுதா, பாதியா, விரலா. அளக்கிறது ஈஸி. செவுத்துல சாஞ்சு நின்னு, கால் இடுக்குல ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை மேல வரைக்கும் ஒட்டி வெச்சு, அதோட மேல் விளிம்புல இருந்து தரைக்கு டேப் புடிங்க. அவ்வளவுதான்.

நான் ஆரம்பிச்சு வைக்கிறேன். 158 செ.மீ., கால் 72. ஸ்ப்ளெண்டர்: முக்கால் பாதம், அம்மா பின்னாடி இருந்தாலும் பயமில்ல. மீட்டியார் 350: ஒரு பாதம் முழுசா, ஆனா 191 கிலோ, பின்னாடி தள்ளி நிறுத்துறதுக்குள்ள நாக்கு தள்ளும். ஹண்டர்: விரல். கிளாசிக்: விரல் நுனி.

அடுத்து நீங்க சொல்லுங்க.

டிஸ்கி: உயரமான நண்பர்கள் கோவிச்சுக்க வேணாம். உங்களுக்கு முட்டி ஹேண்டில்ல இடிக்குற கஷ்டம் இருக்குன்னு தெரியும். அதுக்கு நீங்க தனியா ஒரு பதிவு போடுங்க, முதல் ஆளா வந்து ஆதரவு தர்றேன்.