கோடி போகும் தண்ணீர், கொட்டும் தண்ணீர்

ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்துவிட்டால் திண்டிவனத்து வீடுகளில் நச்சரிப்பு தொடங்கிவிடும். "ஃபால்ஸ் பார்க்கப் போலாம்பா." குற்றாலம் ஒரே நாளில் ஆகாது, ஒகேனக்கல்லும் போய்த் திரும்ப நள்ளிரவாகிவிடும். அப்பா கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே திண்ணையிலிருந்து ஆயா குரல் கொடுப்பார்: "ஏரி கோடி போவுது, அதப் போய்ப் பாருங்கடா. அதுவும் தண்ணிதான?"

ஆயா பேச்சைத் தள்ளிவிட முடியாது. விழுப்புரத்துக்குப் பெயரில் மட்டும்தான் 'விழு' இருக்கிறது. மாவட்டத்துத் தண்ணீர் ஏரியில் நிற்கும், நிரம்பினால் வழிந்து கோடி போகும். சங்கராபரணியின் குறுக்கே இருக்கும் வீடூர் அணை 32 அடியைத் தொட்டுவிட்டது என்று கேள்விப்பட்டால் போதும், ஒரே பைக்கில் குடும்பமே கிளம்பிவிடும். தென்பெண்ணையில் வெள்ளம் என்றால் எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு. 2021 நவம்பர் வெள்ளத்தில் அது உடைந்தபோதும் கரையில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் குறையவில்லை.

ஆனாலும் பிள்ளைகள் கேட்பது தலையில் கொட்டும் தண்ணீரை. அதற்கு மேற்கே போக வேண்டும், கல்வராயன் மலைக்கு.

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அதோடு விழுப்புரம் மாவட்டத்தின் அருவிகளும் கணக்கில் அந்தப் பக்கம் போய்விட்டன. மேகம், பெரியார், கவியம், சிறுகலூர், பண்ணியப்பாடி, எட்டியாறு என்று மலை நெடுகப் பெயர்கள் இருக்கின்றன. பெரியார் நீர்வீழ்ச்சி சாலையை ஒட்டியே கொட்டுவதால் முட்டிவலிக்காரர்களும் பார்த்துவிடலாம். மேகத்துக்கு நடக்க வேண்டும். கல்லும் ஓடையுமாகப் போகும் காட்டு வழி.

இருட்டோடு கிளம்பினால் விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி கடந்து கச்சிராயபாளையத்தில் இட்லி சாப்பிடலாம். கரும்பு வெட்டுக் காலமாக இருந்தால் அங்குள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர்களுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஊர்ந்தே ஆக வேண்டும். ஊர் தாண்டினால் கோமுகி அணை. அதற்கு மேல் கொண்டை ஊசி வளைவுகள், புளிச்சோற்று வாசனையோடு காருக்குள் ஒருவருக்காவது குமட்டல், ஜன்னலுக்கு வெளியே மரவள்ளிக் காடும் சாமைக் கொல்லையும். கடுக்காய்க்குப் பேர்போன மலை இது. மலையாளி என்ற பழங்குடி மக்களின் ஊர்கள் வெள்ளிமலையைச் சுற்றிச் சிதறிக் கிடக்கின்றன. சாலையும் மருத்துவமும் பள்ளியும் இங்கே எட்டிய லட்சணத்தைப் பார்த்துத்தான், 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இம்மக்களின் நிலையை வழக்காக எடுத்துக்கொண்டது.

மலையின் கிழக்குச் சரிவில் கொட்டும் தண்ணீர் விழுப்புரத்துக்கு வருவதில்லை. கோமுகியில் சேர்ந்து, மணிமுக்தாவில் கலந்து, வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டை அருகே கடலுக்குப் போகிறது. விருந்தாளியாகப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டிய தண்ணீர்.

விருந்தாளிகள் தடுமாறும் இடமும் இதுதான். ஏரித் தண்ணீர் பழகியவர்களுக்கு அருவித் தண்ணீரின் குணம் தெரிவதில்லை. ஏரி நிரம்ப நாள் கணக்கு ஆகும். கரையில் நின்று இன்றைக்கு இவ்வளவு, நாளைக்குக் கோடி போகும் என்று சொல்லிவிடலாம். அணை திறந்தால் அறிவிப்பு வரும். அருவிக்கு அந்த அவகாசம் கிடையாது. மேலே பாறைச் சரிவில் பெய்யும் மழையை மண் முழுதாகக் குடிப்பதில்லை. ஓடைகளெல்லாம் ஒரே வாய்க்கு வந்து சேர்கின்றன. கீழே குளிப்பவர் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மேலே கொட்டிய மழை வந்து இறங்கிவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படித்தான் வந்தது. 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அன்று குளிக்க வந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் படிக்கட்டே ஆறாகிவிட்டது.

அறிகுறிகள் இல்லாமல் இல்லை. தெளிந்த தண்ணீர் செம்மண் நிறமாக மாறும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், இரைச்சல் கனக்கும். இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் செல்போனையும் செருப்பையும் தேடாமல் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏற வேண்டும். மலையாளி வீட்டுச் சிறுவனுக்கு இது தெரியும். திண்டிவனத்து அப்பாவுக்குச் சொல்ல ஆள் வேண்டும்.

அந்த ஆளைத்தான் காணவில்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், இணையத்தில் முன்பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள். நல்ல ஏற்பாடு. தொடக்கப் பட்டியலில் சேலமும் திருப்பத்தூரும் இருந்தன, கள்ளக்குறிச்சி இல்லை. மேகம் அருவிக்குப் போகும் பாதையில் மலையாளி இளைஞர்கள் நாலு பேருக்கு இந்த வேலை கிடைத்தால் அவர்களுக்கும் வருமானம், வருகிறவர்களுக்கும் உயிர்க்காப்பு.

அதுவரை வானத்தைத்தான் கேட்க வேண்டும். அதிலும் ஒரு தவறு நடக்கிறது. குடும்பங்கள் பார்ப்பது தங்கள் ஊர் வானிலையை. விழுப்புரத்தில் வெயில் என்பது மலைக்குச் செய்தி ஆகாது. ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியதை இந்த மாவட்டம் மறந்திருக்காது. அடுத்த நாளே, எங்கோ மேற்கில் பெய்த மழைக்காகச் சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கனஅடி திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. மேலே பெய்த மழை கீழே என்ன செய்யும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம்.

மழை எச்சரிக்கை இருந்தால் பிள்ளைகளை ஏமாற்ற வேண்டியதில்லை. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் பக்கத்திலேயே இன்னொரு காடு இருக்கிறது: திருவக்கரை. வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போகிற பலர் அதன் அருகிலுள்ள கல்மரப் பூங்காவைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. 1781-லேயே ஐரோப்பிய இயற்கையியலாளர் சொன்னரா இவற்றைப் பற்றி எழுதிவிட்டார். இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். கிளையும் வேரும் பட்டையும் இல்லாத வெறும் அடிமரங்கள். வேறெங்கோ வளர்ந்தவற்றைப் பெருவெள்ளம் அடித்துவந்து இங்கே மணலில் புதைத்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். பத்து வயதுப் பிள்ளையை அந்த மரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினால் தண்ணீரின் பலம் தானாகப் புரியும். ஆயாவும் கூட வரலாம், ஏற்றம் இல்லை.

இந்த ஞாயிறு கல்வராயன் என்று முடிவாகியிருந்தால், சனி இரவு, மலை பரவியிருக்கும் கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களுக்கான மழை எச்சரிக்கையைப் பாருங்கள். காலையில் கச்சிராயபாளையத்து டீக்கடையில் "நேத்து மலையில மழையா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆமாம் என்றால் கோமுகி அணைக் கரையில் சோற்று மூட்டையைப் பிரித்து உட்காருங்கள். மார்கழி வரை அருவியில் தண்ணீர் இருக்கும்.