541 நாட்கள் மந்திரிசபை இல்லாத நாடு!

தேர்தல் முடிந்தது. ஓட்டுகள் எண்ணப்பட்டன. ஜெயித்தவர் யார், தோற்றவர் யார் என்பது அன்று இரவே தெரிந்துவிட்டது. ஆனால் மந்திரிசபை அமையவில்லை. ஒரு மாதம் போயிற்று. ஆறு மாதம் போயிற்று. ஒரு வருஷமும் போயிற்று. அப்போதும் அமையவில்லை!

தேர்தல் நடந்தது 2010–ம் ஆண்டு ஜூன் 13–ந் தேதி. புதிய மந்திரிசபை பதவி ஏற்றது 2011 டிசம்பர் 6–ந் தேதி. இடையில் கழிந்தவை 541 நாட்கள். ஐரோப்பாவில் உள்ள பெல்ஜியம் நாட்டில் நடந்த அதிசயம் இது.

அந்த 541 நாட்களில் ரெயில்கள் ஓடின. பள்ளிக்கூடங்கள் நடந்தன. பென்ஷன் பணம் வீடு தேடி வந்தது. கலகம் இல்லை, ராணுவம் தலையிடவில்லை. ஒருவரும் சாகவில்லை.

இது எப்படி முடிந்தது? இதற்காகப் பெல்ஜிய மக்கள் கொடுத்த விலை என்ன?

ஒரு கூரை, இரண்டு குடும்பம்

பெல்ஜியம் சின்னஞ்சிறு நாடு. ஜனத்தொகை சுமார் 1 கோடியே 18 லட்சம். 1830–ம் ஆண்டு நெதர்லாந்திலிருந்து பிரிந்து தனி நாடாயிற்று.

வடக்கே உள்ள பகுதிக்குப் பிளாண்டர்ஸ் என்று பெயர். அங்கே டச்சு மொழி பேசுகிறார்கள். நாட்டு மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இவர்கள்தான். தெற்கே உள்ளது வாலோனியா. அங்கே பிரெஞ்சு மொழி. கிழக்கு மூலையில் சிறிதளவு ஜெர்மன் மொழி பேசுவோரும் உண்டு. தலைநகரமான பிரஸ்ஸல்ஸ், டச்சு மொழிப் பகுதியின் நடுவே ஒரு தீவு போல இருக்கிறது. ஆனால் அங்கே பிரெஞ்சு பேசுவோரே அதிகம்!

ஒரு காலத்தில் சர்க்கார் காரியாலயம், கோர்ட்டு, ராணுவம், கல்லூரி எல்லாவற்றிலும் பிரெஞ்சு மொழிதான் கொடி கட்டிப் பறந்தது. தெற்கில் நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பு ஆலைகளும் இருந்தன; அங்கே பணம் புரண்டது. வடக்கே உழவனும் கூலிக்காரனும் பேசிய டச்சு மொழிக்கு மதிப்பு இல்லை. கெண்ட் நகரப் பல்கலைக்கழகத்தில் டச்சு மொழியில் பாடம் நடத்தவே 1930 வரை காத்திருக்க நேர்ந்தது.

பிறகு காலச் சக்கரம் சுழன்றது. சுரங்கங்கள் மூடப்பட்டன, தெற்கு மெலிந்தது. ஆண்ட்வெர்ப் துறைமுகமும் புதிய தொழில்களும் வடக்கைச் செழிக்க வைத்தன. “நாங்கள் கட்டும் வரி தெற்கே போய்க் கரைகிறது” என்று வடக்கே முணுமுணுப்பு எழுந்தது. “எங்கள் நல்ல காலத்தில் உங்களையும் சேர்த்துத்தானே சுமந்தோம்?” என்று தெற்கே பதில் பிறந்தது. பங்காளிச் சண்டைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

புத்தகத்தையும் பங்கு போட்டார்கள்!

1968–ம் ஆண்டு இந்தச் சண்டை உச்சத்தை எட்டியது. டச்சு மொழிப் பகுதியில் இருக்கும் லூவன் நகரப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு மொழிப் பிரிவும் இருந்தது. அது வெளியேற வேண்டும் என்று டச்சு மொழி மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். மந்திரிசபையே கவிழ்ந்தது.

முடிவில் பல்கலைக்கழகம் இரண்டாயிற்று. பிரெஞ்சுப் பிரிவுக்காகத் தெற்கே ஒரு புதிய நகரத்தையே கட்டினார்கள். நூல் நிலையத்தையும் பிரித்தார்கள். ஒற்றைப்படை எண்ணுள்ள புத்தகங்கள் ஒருவருக்கு. இரட்டைப்படை எண்ணுள்ளவை மற்றவருக்கு!

அதோடு நிற்கவில்லை. கட்சிகளும் பிளந்தன. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி 1968–ல் மொழிவாரியாகப் பிரிந்தது. அடுத்து லிபரல் கட்சி. 1978–ல் சோஷலிஸ்டுக் கட்சி. “உலகத் தொழிலாளர்களே, ஒன்று சேருங்கள்” என்று பேசியவர்களும் மொழி எல்லையில் இரண்டாகப் போனார்கள்.

ஓட்டுப் போட முடியாத பிரதமர்

இங்கேதான் பெல்ஜியத்தின் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

நாடு முழுவதும் நிற்கும் பெரிய கட்சி அங்கே கிடையாது. இடதுசாரித் தொழிலாளர் கட்சி ஒன்றுதான் விலக்கு. கெண்ட் நகரத்தில் இருப்பவர் டச்சு மொழிக் கட்சிகளுக்குத்தான் ஓட்டுப் போட முடியும். தெற்கே மோன்ஸ் நகரத்தில் இருப்பவருக்குப் பிரெஞ்சுக் கட்சிகள்தான். பிரஸ்ஸல்ஸ்வாசிகளுக்கு இரு தரப்பிலும் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு.

பிரதமர் மோன்ஸ் நகரத்துக்காரராக இருந்தால், அவரை ஆதரிக்கவும் கெண்ட் வாக்காளரால் முடியாது, தண்டிக்கவும் முடியாது. ஆளுகிறவர் முழு நாட்டுக்கும் பிரதமர். ஆனால் ஓட்டுக் கேட்க வேண்டியதோ பாதி நாட்டில்!

பார்லிமெண்டில் மொத்தம் 150 ஸ்தானங்கள். அவை பத்துப் பன்னிரண்டு கட்சிகளுக்குள் சிதறிக் கிடக்கும். எந்தக் கட்சியும் மெஜாரிட்டியைக் கனவிலும் காண முடியாது. மந்திரிசபையிலோ, பிரதமர் நீங்கலாக, டச்சு மொழி மந்திரிகளும் பிரெஞ்சு மொழி மந்திரிகளும் சரி பாதி இருக்க வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் விதி. ஆகவே கூட்டு மந்திரிசபை என்பது அங்கே ஆசைப்பட்டு எடுக்கும் முடிவு அல்ல; வேறு வழியே இல்லை.

மன்னர் அனுப்பும் தூதர்கள்

தேர்தல் முடிந்ததும் கட்சித் தலைவர்கள் ஒவ்வொருவராக அரண்மனைக்குப் போவார்கள். மன்னர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, யாரோடு யார் சேருவார்கள் என்று விசாரித்து வரச் சொல்லுவார். வழி தெரிந்தால், மந்திரிசபையை அமைக்க இன்னொருவரை நியமிப்பார். பெரும்பாலும் அவரே பிரதமராவார்.

2010–ல் இந்த வழி அடைபட்டது. வடக்கே முதலில் வந்தவர் பார்ட் டி வேவர். பிளாண்டர்ஸ் தனி நாடாக வேண்டும் என்ற கொள்கை உடைய கட்சியின் தலைவர். அவருக்கு 27 ஸ்தானங்கள். தெற்கே முதலில் வந்தவர் சோஷலிஸ்டுத் தலைவர் எலியோ டி ருப்போ. அவருக்கு 26 ஸ்தானங்கள். ஒருவர் கிழக்கே இழுத்தால் மற்றவர் மேற்கே இழுத்தார்.

மன்னர் இரண்டாம் ஆல்பர்ட் ஒருவர் மாற்றி ஒருவரை அனுப்பிப் பார்த்தார். விசாரிப்பவர், தெளிவுபடுத்துபவர், சமரசம் செய்பவர், பேச்சு நடத்துபவர் என்று ஆளுக்கொரு பட்டம். பட்டங்கள் பெருகின, உடன்பாடு வரவில்லை.

தகராறு எதைப் பற்றி? பிரஸ்ஸல்ஸ் நகரத்தையும் அதைச் சுற்றியுள்ள 35 டச்சு மொழி ஊர்களையும் சேர்த்து ஒரே தொகுதியாக வைத்திருந்தார்கள். அந்த ஊர்களில் குடியேறிய பிரெஞ்சு மொழியினர், பிரஸ்ஸல்ஸ் பிரெஞ்சுக் கட்சிகளுக்கு ஓட்டுப் போட இது வசதியாக இருந்தது. “எங்கள் மண்ணில் இது என்ன சலுகை? தொகுதியைப் பிரி” என்றது வடக்கு. “அங்கே இருக்கும் எங்கள் ஜனங்களைக் கைவிட மாட்டோம்” என்றது தெற்கு. முந்தைய பிரதமர் ஈவ் லெத்தெர்மின் மந்திரிசபை 2010 ஏப்ரலில் கவிழ்ந்ததும் இதே தகராறில்தான்.

தாடியும் உருளைக்கிழங்கும்

ஜனங்கள் முதலில் சிரித்தார்கள். மந்திரிசபை அமையும் வரை ஆண்கள் யாரும் முகச் சவரம் செய்யக்கூடாது என்று ஒரு நடிகர் யோசனை சொன்னார். 2011 பிப்ரவரியில் மாணவர்கள் தெருவில் கூடி, பெல்ஜியர்கள் உயிராக மதிக்கும் உருளைக்கிழங்கு வறுவலை இனாமாக வழங்கினார்கள். மந்திரிசபை இல்லாமல் இருப்பதில் தங்கள் நாடு உலக சாதனை செய்துவிட்டதாம்!

சிரிப்புக்குப் பின்னால் கோபமும் இருந்தது. அதற்கு முந்தைய மாதம் பல ஆயிரம் பேர் பிரஸ்ஸல்ஸ் வீதிகளில் ஊர்வலம் போனார்கள். அவர்கள் உரக்கச் சொன்ன ஒரே வார்த்தை: “வெட்கம்!”

அதுவரை நாட்டை நடத்தியது யார்? ராஜினாமா செய்த லெத்தெர்ம்தான். புதியவர் வரும் வரை பழைய மந்திரிகள் அன்றாட அலுவல்களைக் கவனிப்பார்கள். புதுத் திட்டம் போட முடியாது. பட்ஜெட் இல்லாவிட்டால், சென்ற வருஷத்துச் செலவைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் ஒரு பங்காகச் செலவழிக்க வேண்டும். ஆனாலும் மன்னர் கேட்டுக்கொண்டதன் பேரில் லெத்தெர்ம் 2011–க்குப் பட்ஜெட்டே தயாரித்தார். பார்லிமெண்டின் சம்மதத்தோடு லிபியாவுக்குப் போர் விமானங்களையும் அனுப்பினார்.

இன்னொரு காரணமும் உண்டு. 1970 முதல் பல தடவை சாசனத்தைத் திருத்தி, கல்வி போன்ற அதிகாரங்களை மாநில சர்க்கார்களிடம் கொடுத்துவிட்டார்கள். 1993–ல் பெல்ஜியம் சமஷ்டி நாடு என்று சாசனத்தின் முதல் ஷரத்திலேயே எழுதினார்கள். தலை தூங்கினாலும் கை கால்கள் வேலை செய்தன.

விழிக்க வைத்த கடன்

ஆனால் கடன் கொடுத்தவன் தூங்கவில்லை. 2011–ல் ஐரோப்பா எங்கும் பணநெருக்கடி. பெல்ஜிய சர்க்காரின் கடன் பத்திரங்களுக்கு வட்டி கிடுகிடுவென்று ஏறியது. நவம்பர் 25–ந் தேதி, ஸ்டாண்டர்ட் அண்டு பூர்ஸ் நிறுவனம் பெல்ஜியத்தின் கடன் தகுதியை ஒரு படி இறக்கியது. மறு நாளே ஆறு கட்சிகளும் பட்ஜெட்டுக்குச் சம்மதம் தெரிவித்தன! மன்னரின் தூதர்களால் ஆகாததை வட்டிக் கணக்கு செய்துவிட்டது.

தொகுதியைப் பிரிக்கவும் சமரசம் ஏற்பட்டிருந்தது. ஆறு ஊர்களில் மட்டும் பிரெஞ்சு மொழியினருக்குப் பழைய உரிமை நீடிக்கும். இரு தரப்புக்கும் பாதி வெற்றி, பாதி ஏமாற்றம்.

டி ருப்போ பிரதமரானார். இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த சுரங்கத் தொழிலாளியின் மகன். ஒரு வயதில் தந்தையை இழந்தவர். முப்பது வருஷங்களுக்குப் பிறகு பிரதமரான முதல் பிரெஞ்சு மொழிக்காரர். அவருடைய டச்சுப் பேச்சு தட்டுத் தடுமாறியதைக் கேட்டு வடக்கே கேலி செய்தார்கள்.

கேலியை விடப் பெரிய குறை ஒன்று இருந்தது. வடக்கே முதலில் வந்த டி வேவரின் கட்சி அந்த மந்திரிசபையில் இல்லை. டச்சு மொழி அங்கத்தினர்கள் 88 பேரில் 43 பேர்தான் மந்திரிசபையின் பக்கம் இருந்தார்கள்.

வீரம் அல்ல, பொறுமை

இத்தகைய நாட்டில் எப்படிப்பட்டவர் தலைவராக முடியும்? மேடையில் முழங்குகிறவர் அல்ல. நள்ளிரவு தாண்டியும் மேஜையை விட்டு எழுந்திருக்காதவர்தான்.

1979 முதல் 1992 வரை, நடுவே சில மாதங்கள் தவிர, பிரதமராக இருந்த வில்பிரட் மார்ட்டென்ஸ் ஒன்பது மந்திரிசபைகளை அமைத்தார். அவருக்குப் பின் வந்த டிஹேனுக்கு மக்கள் வைத்த பட்டப் பெயர் ‘குழாய் ரிப்பேர்க்காரர்’. எங்கே ஒழுகுகிறதோ அங்கே அடைப்பார்! ஐரோப்பிய கவுன்சிலுக்கு நிரந்தரத் தலைவர் பதவி ஏற்பட்டபோது, முதல் மூவரில் இருவர் பெல்ஜியப் பிரதமர்களாக இருந்தவர்களே. 27 நாடுகளைச் சமாளிக்க, வீட்டிலேயே பழகியவர்கள் தேவைப்பட்டார்கள்.

அலெக்சாண்டர் டி குரூவின் கதை இன்னும் விசேஷம். 2010–ல் லெத்தெர்ம் மந்திரிசபையை விட்டுத் தம் கட்சியை வெளியேற்றி, அதைக் கவிழ்த்தவர் இவர்தான். பத்து வருஷம் கழித்து, 2020 அக்டோபரில் இவரே பிரதமரானார். இவர் கட்சிக்கு 150–ல் 12 ஸ்தானங்கள் மட்டுமே. ஏழு கட்சிகளைச் சேர்த்துக் கட்டிய மந்திரிசபை அது. 2019 மே தேர்தலுக்குப் பின் அதை அமைக்க 16 மாதங்கள் பிடித்தன. நடுவில் கொரோனா நோய் பரவியபோது, 38 ஸ்தானங்கள் மட்டுமே கொண்ட சோபி வில்மெஸ் அம்மையாரின் மந்திரிசபைக்கு எதிர்க்கட்சிகளே கை கொடுத்து விசேஷ அதிகாரம் வழங்கின.

ஏழு கட்சிகளையும் கட்டிக் காத்த டி குரூவுக்குக் கிடைத்த பரிசு என்ன? 2024 ஜூன் தேர்தலில் அவர் கட்சி 7 ஸ்தானங்களுக்கு இறங்கியது. கண்ணீரோடு ராஜினாமாவை அறிவித்தார். கூட்டைக் காப்பாற்றுகிறவர் சொந்த வீட்டை இழப்பது அங்கே வழக்கமாகிவிட்டது.

பிரிக்க வந்தவர் பிரதமரானார்!

அந்தத் தேர்தலில் 24 ஸ்தானங்களோடு முதலில் வந்தவர் டி வேவர். ஏறக்குறைய எட்டு மாதப் பேச்சுக்குப் பின், 2025 பிப்ரவரி 3–ந் தேதி, ஐந்து கட்சிக் கூட்டின் தலைவராகப் பிரதமர் பதவி ஏற்றார்.

பிளாண்டர்ஸ் தனிக் குடியரசாக வேண்டும் என்று கட்சி விதியில் எழுதி வைத்திருப்பவர், மன்னர் பிலிப்பின் முன் நின்று விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்! அவரை எந்தச் சிறைச்சாலையும் மாற்றவில்லை. நாற்காலியும் கணக்குப் புத்தகமும் மாற்றின.

அந்தக் கணக்குப் புத்தகம் பயமுறுத்துவது. நாட்டின் கடன், அதன் ஒரு வருஷத்து மொத்த உற்பத்தி மதிப்பையே தாண்டி நிற்கிறது. பற்றாக்குறை வரம்பு மீறியது என்று 2024–ல் ஐரோப்பிய யூனியன் நடவடிக்கை தொடங்கியது. டி வேவர் பென்ஷனைத் திருத்தவும், வேலையில்லாதோர் உதவிப் பணத்துக்குக் கால வரம்பு வைக்கவும் முனைந்தார். 2025–ல் பொது வேலைநிறுத்தங்கள் நாட்டை உலுக்கின.

லாபமும் நஷ்டமும்

கடன் இவ்வளவு வளர்ந்ததற்கும் கூட்டு மந்திரிசபைக்கும் சம்பந்தம் உண்டு. ஐந்து கட்சி, ஏழு கட்சி சேரும்போது ஒவ்வொருவரையும் திருப்தி செய்ய வேண்டும். கசப்பு மருந்தை யாரும் தர மாட்டார்கள். தவறு நேர்ந்தால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார். வாக்காளர் யாரைத் தண்டிப்பது? இது பெரிய நஷ்டம்.

லாபம் அதைவிடப் பெரியது. மொழிச் சண்டையில் நாடுகள் உடைந்திருக்கின்றன. ரத்த ஆறு ஓடியிருக்கிறது. பெல்ஜியத்தில் மந்திரிசபைகள்தான் உடைந்தன, மண்டைகள் உடையவில்லை. பெரும்பான்மையினர் தங்கள் எண்ணிக்கையைக் காட்டி மற்றவர்களை அடக்கிவிட முடியாதபடி விதி செய்துகொண்டார்கள். அதற்கு அவர்கள் சம்மதித்ததுதான் பெல்ஜியத்தின் உண்மையான சாதனை.

541 நாட்கள் பேசியதை உலகம் கேலி செய்தது. பேச மறுத்திருந்தால் கேலி செய்ய ஒரு பெல்ஜியம் மிஞ்சியிருக்குமா?