வைட் லென்ஸ் வாங்கலாமா?

பள்ளி விடுமுறை வந்தால் போதும், "கேமரன் மலைக்குப் போகிறோம், அல்ட்ரா வைட் லென்ஸ் வாங்கலாமா?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். ஆசை நியாயம்தான். கேனானின் சாதாரண கேமராவில் 18 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை 74 டிகிரி பார்க்கும், 10 மி.மீ. என்றால் 107 டிகிரி.

ஆனால் சுங்கை பாலாஸ் தோட்டத்தின் பார்வை மேடையில் நின்று எடுத்துப் பாருங்கள். எதிர்மலை சுருங்கிக் கரையான் புற்றாகிவிடும். பாதிப் படம் வெறும் வெள்ளை மேகம். செடி வரிசைகள் அடுக்கடுக்காகத் தெரிவதுதானே அங்கே அழகு? அதை நெருக்கிக் காட்டுவது 55 மி.மீ., 200 மி.மீ. லென்ஸ்கள்தாம்.

வைட் லென்ஸுக்குக் காலடியில் ஏதாவது வேண்டும். செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் குனிந்து எடுத்தால் அருமையாக வரும். குடும்பப் படமா? ஓரத்தில் நிற்பவர் முகம் இழுபடும். பாட்டியை நடுவில் நிறுத்துங்கள்.

பழைய படங்களைத் திறந்து, எத்தனை 18-இல் எடுத்தவை என்று எண்ணுங்கள். பாதிகூட இல்லையென்றால் வேண்டாம். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து ஐந்து படம் எடுத்துக் கணினியில் ஒட்டிக்கொள்ளலாம்.

நான் வாங்கவில்லை. அந்தக் காசில் இன்னோர் இரவு தங்கினோம். மறுநாள் காலை பனி விலகியபோது, கையில் 55 இருந்தது.