சுருக்குப்பை பணம் எங்கே போகிறது?

மாலை நேரம். மதுரை மீனாட்சி அம்மன் கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு தெரு.

ஒரு பூக்கார அம்மாள் கூடையுடன் உட்கார்ந்து இருக்கிறாள். கூடை நிறைய மல்லிகை. பக்கத்தில் ஓர் அட்டை. அந்த அட்டையில் கறுப்பும் வெள்ளையுமாக, கட்டம் கட்டமாக ஒரு படம்.

ஓர் இளைஞன் வருகிறான். இரண்டு முழம் பூ வாங்குகிறான். சட்டைப் பையில் கையை விடுகிறான். எடுப்பது பணம் அல்ல, செல்போன்! அட்டைக்கு நேராகப் போனைக் காட்டுகிறான். விரலால் தட்டுகிறான்.

"பணம் போட்டாச்சு, அக்கா!"

அவன் போய்விடுகிறான்.

பணம் வந்ததா? அம்மாளுக்குத் தெரியாது. பணம் வந்த செய்தி அவளுடைய மகனின் போனுக்குத்தான் போகும். பணமும் மகனின் பாங்கிக் கணக்குக்குத்தான் போகும்.

விடியுமுன் எழுந்து மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் பூ வாங்கியவள் அவள். விரல் நோகக் கட்டியவள் அவள். வெயிலில் உட்கார்ந்து விற்றவள் அவள். பணம் மட்டும் வேறு ஒருவர் கணக்கில்!

இது ஒரு தெருவில் மட்டும் நடப்பது அல்ல. காய்கறிக் கடை, இட்லிக் கடை, மீன் கடை எங்கும் பெண்கள் உட்கார்ந்து விற்கிறார்கள். அட்டையில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பல இடங்களில் கணவன் பெயர். அல்லது மகன் பெயர்.

இது சரியா?

கட்டம் வந்த கதை

அந்தக் கட்டப் படத்துக்கு "கியூ.ஆர். கோடு" என்று பெயர். அது 1994-ம் ஆண்டு ஜப்பானில் பிறந்தது. டென்சோ கம்பெனியைச் சேர்ந்த மசாஹிரோ ஹாரா என்ற என்ஜினீயரும், அவருடைய குழுவினரும் அதைக் கண்டுபிடித்தார்கள். மோட்டார் கார் உதிரிப் பாகங்களை அடையாளம் காணவே அது முதலில் பயன்பட்டது. கொஞ்சம் அழுக்கு ஏறினாலும், ஓரம் கிழிந்தாலும் போன் அதைப் படித்துவிடும். பூக்கூடைப் பக்கத்திலும், மீன் கடையிலும் அது பிழைத்து இருப்பது அதனால்தான்!

போன் மூலம் பாங்கிக்குப் பாங்கி பணம் அனுப்பும் "யு.பி.ஐ." முறை இந்தியாவில் 2016 ஏப்ரலில் அறிமுகம் ஆயிற்று. அந்த ஆண்டு நவம்பர் 8-ந் தேதி, பழைய 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அரசாங்கம் அறிவித்தது. மக்கள் பாங்கி வாசலில் வரிசையில் நின்றார்கள். அதன் பிறகு போன் பணம் வேகமாகப் பரவியது. 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் 2 ஆயிரம் கோடி தடவைக்கு மேல் இந்த முறையில் பணம் கைமாறியது.

நல்லதுதான்!

இதனால் நன்மை இல்லையா? நிறைய உண்டு.

சில்லறைத் தகராறு இல்லை. கிழிந்த நோட்டு இல்லை. கள்ள நோட்டு பயம் இல்லை. இரவில் பணத்தைச் சுமந்து போகும்போது திருடன் பயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் பணம் வரும், நள்ளிரவிலும் வரும்.

ஆகவே, குற்றம் போனில் இல்லை, அட்டையிலும் இல்லை. அட்டையில் உள்ள பெயரில்தான் இருக்கிறது.

இடுப்பில் இருந்த பாங்கி

முன்பு பூக்கார அம்மாளின் இடுப்பில் ஒரு சுருக்குப்பை இருந்தது. அதுதான் அவளுடைய பாங்கி!

அதில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பேத்தி அழுதால் மிட்டாய் வாங்க அதில் காசு இருக்கும். மகளுக்குக் காய்ச்சல் என்றால் மருந்துக்குப் பணம் இருக்கும். சீட்டுக் கட்டவும் அதில் இருந்துதான் எடுப்பாள். யாரிடமும் அவள் கேட்கவேண்டியது இல்லை.

இப்போது சுருக்குப்பை இளைத்துவிட்டது. நூறு ரூபாய் வேண்டும் என்றாலும் மகனிடம் கேட்க வேண்டும்.

"என் தாயார் கேட்டால் கொடுக்க மாட்டேனா?" என்று மகன் சொல்லலாம். கொடுப்பான், நல்ல பிள்ளைதான். ஆனால் தன் பணத்தை எடுப்பது வேறு. தன் பணத்தைப் பிறரிடம் கேட்டு வாங்குவது வேறு. கேட்கும்போது, "எதற்கு?" என்று ஒரு கேள்வி வரும். தான் சம்பாதித்த பணத்துக்குத் தானே கணக்குச் சொல்ல வேண்டும்!

கணவன் குடிகாரனாக இருந்தால் கேட்கவே வேண்டாம். முன்பு சுருக்குப்பையைப் பறிக்க அவன் சண்டை போட வேண்டியிருந்தது. இப்போது அந்தச் சிரமமும் இல்லை. பணம் தானாகவே அவன் கணக்கில் போய் விழுகிறது!

ஏன் இப்படி ஆயிற்று?

யாரும் கெட்ட எண்ணத்துடன் செய்தது அல்ல. போனில் பணம் வாங்க, பாங்கிக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு போன் நம்பர் பதிவாகி இருக்க வேண்டும். வீட்டில் நல்ல போன் வைத்திருப்பவன் மகன். "என் கணக்கிலேயே போடட்டும்" என்று ஒரு நாள் ஏற்பாடு செய்தான். அதுவே நிலைத்துவிட்டது.

ஆனால் அம்மாளுக்குக் கணக்கு இல்லையா? பெரும்பாலும் இருக்கிறது. 2014-ல் வந்த ஜன்தன் திட்டத்தில், மிச்சப் பணம் இல்லாமலே கணக்குத் தொடங்க வழி இருந்தது. 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, மாதம் 1,000 ரூபாய் பெண்களின் கணக்கில்தான் போடப்பட்டது.

அரசாங்கம் கொடுக்கும் ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கு வரலாம்; அவள் உழைத்த பணம் மட்டும் வரக்கூடாதா?

"அம்மா ஏமாந்துவிடுவாளே!"

இதுதான் பிள்ளைகள் சொல்லும் பெரிய காரணம். பயம் நியாயமானது. போனில் ஏமாற்றும் கூட்டம் இருக்கிறது. ஆனால் ஏமாறாமல் இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டியவை நாலே நாலு.

ஒன்று: பணம் வாங்குவதற்கு ரகசிய எண் வேண்டியது இல்லை. பணம் கொடுப்பதற்குத்தான் வேண்டும். "உங்களுக்குப் பணம் வரும், ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று எவன் சொன்னாலும் அவன் திருடன்!

இரண்டு: வாங்குபவரின் போனில் தெரியும் படத்தை நம்பக்கூடாது. பொய்ப் படம் காட்டுகிறவர்கள் உண்டு. தன் போனில் செய்தி வந்ததா, அல்லது தொகையை வாய்விட்டுச் சொல்லும் ஒலிப்பெட்டி சொன்னதா என்று பார்க்க வேண்டும்.

மூன்று: தினமும் காலையில் அட்டையைப் பார்க்க வேண்டும். அதன் மேல் வேறு கட்டத்தை ஒட்டிவிட்டுப் போகும் மோசடிக்காரர்களும் இருக்கிறார்கள்.

நான்கு: பணம் பறிபோனால் உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். தாமதம் ஆனால் பணம் பல கைகளுக்குப் போய்விடும்.

நூறு பேருக்கு முழம் போட்டு, மனக்கணக்கில் சில்லறை கொடுத்தவளுக்கு இந்த நாலும் புரியாதா?

என்ன செய்ய வேண்டும்?

மகன் ஒரு நாள் விடுமுறை போட வேண்டும். தாயாரைப் பாங்கிக்கு அழைத்துப் போக வேண்டும். அவள் கணக்கில் அவளுடைய போன் நம்பரைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு அவள் பெயரில் புது அட்டை வாங்க வேண்டும். ரகசிய எண்ணை அவளே தேர்ந்தெடுக்கட்டும். மகனுக்குக்கூட அதைச் சொல்ல வேண்டாம்!

பட்டன் போன்தான் இருக்கிறது என்றாலும் கவலை இல்லை. 2022 மார்ச் முதல், அந்தப் போனிலும் பணம் அனுப்பும் வசதி வந்துவிட்டது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. அவள் கணக்கில் தினமும் பணம் வந்தால், அதுவே வியாபாரத்துக்குச் சாட்சி. தெருவோர வியாபாரிகளுக்காக 2020-ல் "ஸ்வநிதி" கடன் திட்டம் தொடங்கியது. முதல் கடன் 10 ஆயிரம் ரூபாய். 2025-ல் அது 15 ஆயிரமாக உயர்ந்தது. இத்தகைய கடன் கேட்டுப் பாங்கிக்குப் போகும்போது, கணக்குப் புத்தகம் அவளுக்காகப் பேசும். கந்து வட்டிக்காரன் வாசலில் நிற்க வேண்டியது இல்லை.

பூ வாங்குகிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. "பணம் போட்டாச்சு" என்று ஓடிவிடாதீர்கள். பணம் வந்ததை அந்த அம்மாள் பார்க்கும் வரை ஒரு நிமிடம் நில்லுங்கள். அவள் ரொக்கம் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

சுருக்குப்பை துணியில் இருந்தால் என்ன, போனில் இருந்தால் என்ன? அதன் கயிறு உழைத்தவள் கையில் இருக்க வேண்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் இருப்பீர்கள். உங்கள் தாயாரின் கடை அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது?