மனு போடத் தெரிந்த நிருபர்

இதழியல் துறைகளில் வேலைத்திறன் என்ற பேச்சு எழுந்தாலே கேமரா, படத்தொகுப்பு, ரீல்ஸ் என்றுதான் பாடவேளைகள் ஒதுக்கப்படுகின்றன. கற்கட்டும், முதல் வேலை பல நேரம் அதை வைத்தே கிடைக்கிறது. ஆனால் கைப்பேசியோடு வளர்ந்த பிள்ளைகள் அதைச் சில வாரங்களில் தாமே பிடித்துக்கொள்வார்கள். அரசு ஆவணத்தைக் கேட்டு வாங்கி, படித்து, செய்தி எடுப்பது அப்படி வராது. பரபரப்பான செய்தியறையில் அதைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித்தர யாருக்கும் நேரமும் இல்லை. அந்தப் பொறுப்பு வகுப்பறையுடையது.

கருவி கையிலேயே இருக்கிறது. தகவல் உரிமைக்குத் தமிழ்நாடு 1997இலேயே தனிச் சட்டம் இயற்றியது. 2005இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். பருவம் தொடங்கும் வாரத்திலேயே மாணவர் ஒவ்வொருவரும் ஒரு மனு போடட்டும். 'எங்கள் தெருச் சாலை ஏன் ஆறே மாதத்தில் பெயர்ந்தது?' என்று கேட்டால் உருப்படியான பதில் வராது. அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத் தரத்தான் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. காரணம் விளக்கச் சொல்லவில்லை. அதையே பணி ஆணை, மதிப்பீடு, பொறியாளர்கள் 'எம் புக்' என்று சொல்லும் அளவீட்டுப் புத்தகம் ஆகியவற்றின் நகலாகக் கேட்க வேண்டுமானால், எந்தக் காகிதம் எந்த மேசையில் பிறக்கிறது என்று முன்பே விசாரித்திருக்க வேண்டும். நகல் வந்தபின் டேப்போடு தெருவுக்குப் போய், எழுதிய அகலமும் போட்ட அகலமும் ஒன்றா என்று அளக்கலாம். வேறுபட்டால் பொறியாளரிடமும் ஒப்பந்ததாரரிடமும் விளக்கம் கேட்டாக வேண்டும். துறையறிவும் சரிபார்ப்பும் நேர்காணலும் இங்கே தனித்தனித் தாள்களாக நிற்பதில்லை.

பதிலே வராவிட்டால் மாணவரின் உழைப்பு வீண்தானே என்பார்கள். பதில் வராததும் பாடம்தான். முதல் மேல்முறையீட்டை அதிகபட்சம் 45 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். கெடுக்கள் மதிக்கப்பட்டால் இரண்டும் ஒரு பருவத்துக்குள் அடங்கும். மறுப்புக் கடிதத்தில் எந்தப் பிரிவைக் காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பதும் பயிற்சியே. தனிநபர் தகவலுக்கான விலக்கை 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விரித்துவிட்ட நிலையில், அந்த மறுப்பை இனி அடிக்கடி எதிர்கொள்ள நேரும்.

பாதுகாப்பு பற்றிய ஆட்சேபம் கனமானது. தகவல் கேட்டவர்கள் தாக்கப்பட்டதும் கொல்லப்பட்டதும் இந்நாட்டில் நடந்திருக்கிறது. மனுவில் காரணம் சொல்லத் தேவையில்லை, தொடர்பு முகவரி போதும் என்கிறது பிரிவு 6(2). அந்த முகவரி மாணவரின் வீடாக இல்லாமல் துறையுடையதாக இருக்கட்டும். மணல், நிலம் போன்ற விவகாரங்களை முதல் மனுவுக்குத் தொடவே வேண்டாம். மதிப்பெண்ணைச் செய்தி அச்சேறியதற்குத் தராமல், கேள்வி அமைந்த விதத்துக்கும் மேல்முறையீட்டின் தர்க்கத்துக்கும் தரலாம். அதைத் திருத்தும் ஆசிரியர் தாமும் ஒரு மனுவை மேல்முறையீடு வரை கொண்டுபோய்ப் பார்த்தவராக இருப்பது அவசியம்; இத்திட்டத்தில் நமக்குச் சந்தேகம் இருப்பது அந்த இடத்தில்தான்.